கேட்டது 429 கோடி பைட், கிடைத்தது 16: நினைவக ஒதுக்கீட்டு ஃபங்ஷன்களை ஏன் வரிவரியாகப் படிக்க வேண்டும்?

2021 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட்டின் பாதுகாப்பு ஆய்வுக் குழு ஒன்று, சிறு கருவிகளில் ஓடும் இயங்குதளங்களிலும் சி மொழி லைப்ரரிகளிலும் ஒரே வகையைச் சேர்ந்த 25க்கும் மேற்பட்ட குறைகளைக் கண்டுபிடித்து வெளியிட்டது. மொத்தத்துக்கும் பேட்அலாக் என்று பெயர் வைத்தார்கள். காரைக்குடி வட்டாரத்தில் பொறியியலும் பாலிடெக்னிக்கும் படிக்கும் பிள்ளைகள் புராஜெக்ட் போர்டுகளில் ஏற்றுகிற ஃப்ரீஆர்டிஓஎஸ், செஃபிர், ரயட், நட்எக்ஸ், எம்பெட் என்ற இயங்குதளங்கள் எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்தன. நியூலிப், யூசிலிப்சி-என்ஜி என்ற இரண்டு சி லைப்ரரிகளும் இருந்தன. ஈஎஸ்பி32 போர்டு வாங்கி ஆர்டுயினோ மென்பொருளில் நாலு வரி எழுதியவர், தனக்கு ஃப்ரீஆர்டிஓஎஸ் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைக்கலாம். அவர் எழுதிய நாலு வரிக்கு அடியில் ஓடுவது அதுதான்.

இப்படிப்பட்ட அறிவிப்பைப் படிப்பவருக்கு முதலில் வருகிற சந்தேகம், மெமரி போதவில்லை என்கிறார்களா, மெமரி கசிகிறது என்கிறார்களா என்பது. இரண்டும் இல்லை. பெரும்பாலானவற்றில் குறை ஒரு பெருக்கலிலோ ஒரு கூட்டலிலோ இருந்தது. விடை, எண்ணை வைக்கும் பெட்டிக்குள் அடங்காத அளவுக்குப் பெரிதாகி, சுற்றி வந்து சின்ன எண்ணாக மாறியது. அந்தச் சின்ன எண்ணை நம்பி நினைவகம் கொடுக்கப்பட்டது.

இதே குறை 2002இலும் வந்தது, 2017இலும் வந்தது. அளவைச் சரிபார்ப்பது லைப்ரரியின் வேலை என்று அதன் ஃபங்ஷனை அழைப்பவர், அதாவது நிரல் எழுதுபவர், நினைத்தார். அழைப்பவர் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பார் என்று லைப்ரரி எழுதியவர் நினைத்தார். இருவருக்கும் நடுவில் அந்த வேலை விழுந்துவிட்டது. அதை லைப்ரரிக்குள்தான் செய்தாக வேண்டும் என்பதற்கான காரணங்களை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## ஒதுக்கீடு என்றால் என்ன

ஒரு நிரல் ஓடத் தொடங்கும்போது தனக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும் என்று முழுதாகத் தெரியாது. வலைவழி வரும் செய்தி 40 பைட்டா 4,000 பைட்டா என்பது வந்த பிறகுதான் தெரியும். ஆகவே ஒரு பெரிய பரப்பைப் பொதுவாக வைத்துக்கொண்டு, கேட்கக் கேட்கத் துண்டு போட்டுக் கொடுக்கிறார்கள். அந்தப் பரப்புக்கு ஹீப் என்று பெயர். துண்டு போட்டுக் கொடுத்து, திரும்ப வாங்கிக் கணக்கு வைக்கும் நிரலுக்கு அலோகேட்டர், தமிழில் ஒதுக்கி.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் அமைப்பை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. யாருக்கு எது என்பதில் குழப்பம் வராது, நடுவில் சுவர் இருக்கிறது. ஹீப்பிலும் துண்டுகள் இப்படித்தான் வரிசையாக இருக்கின்றன; ஆனால் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே சுவர் கிடையாது. 16 பைட் வாங்கியவர் 17ஆவது பைட்டில் எழுதினால் தடுக்க ஆள் இல்லை. பக்கத்துத் துண்டில் இருந்தது அழிந்துபோகும்.

இன்னொன்று, இதைவிட ஆபத்தானது. பல ஒதுக்கிகள் தங்கள் கணக்கையும் அதே பரப்பில்தான் எழுதி வைக்கின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் சற்று முன்னால் சில பைட்டுகளில் "இந்தத் துண்டின் நீளம் இவ்வளவு" என்ற குறிப்பு இருக்கும். இதை ஹெடர் என்பார்கள். துண்டு காலியாகிவிட்டால், அடுத்த காலித் துண்டு எங்கே என்ற முகவரியும் அதற்குள்ளேயே எழுதப்படும். எல்லை தாண்டி எழுதுகிறவர் பக்கத்துத் துண்டின் தரவோடு சேர்த்து ஒதுக்கியின் கணக்கையும் மாற்றிவிட முடியும். மாற்றிய முகவரியை ஒதுக்கி நம்பும். அடுத்த முறை துண்டு கேட்கும்போது, தாக்குபவர் எழுதி வைத்த இடத்தையே எடுத்துக் கொடுக்கும்.

சி மொழியில் இந்த வேலைக்கு நான்கு ஃபங்ஷன்கள்:

1. மாலாக்: இத்தனை பைட் வேண்டும் என்று கேட்பது.
2. காலாக்: இந்த அளவில் இத்தனை பொருள்கள் வேண்டும் என்று இரண்டு எண்களைக் கொடுத்துக் கேட்பது. கிடைக்கும் இடம் பூஜ்யத்தால் நிரப்பப்பட்டிருக்கும்.
3. ரீஅலாக்: வாங்கிய துண்டைப் பெரிதாக்குவது, சிறிதாக்குவது.
4. ஃப்ரீ: திருப்பிக் கொடுப்பது.

இடம் இல்லையென்றால் முதல் மூன்றும் நல் என்ற வெற்று முகவரியைத் திருப்பித் தர வேண்டும். "இல்லை" என்று நேர்மையாகச் சொல்லி, நிரல் அதைச் சரிபார்த்தால் யாருக்கும் ஆபத்து இல்லை. நிரல் நின்றுபோகும், அவ்வளவுதான். இல்லாததை இருப்பதாகச் சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

## பெருக்கல் எப்படிச் சுற்றி வருகிறது

32 பிட் செயலியில் நினைவக அளவைக் குறிக்கும் எண் அதிகபட்சம் 4,29,49,67,295 வரை போகும். அதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் 0 ஆகிவிடும். குறியில்லாத முழு எண்களுக்கு இது சி மொழியின் விதி. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் பிழை என்று சொல்லாது, நிரலும் நிற்காது.

ஓர் உதாரணத்தைக் கையில் எடுப்போம். கானாடுகாத்தான் பக்கம் ஓர் ஊரணியில் நீர்மட்டம் அளக்கும் சிறு கருவி ஒன்றை மாணவர்கள் வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது அடுத்த ஊரணிக் கருவியிடமிருந்து பழைய அளவுகளைக் கேட்டு வாங்குகிறது. ஒரு பதிவுக்கு நேரம் 4 பைட், நீர்மட்டம் 4, வெப்பநிலை 4, சரிபார்ப்பு எண் 4, ஆக 16 பைட். வருகிற செய்தியின் தலையில் "இத்தனை பதிவுகள் அனுப்புகிறேன்" என்று ஓர் எண் இருக்கும். கருவி அந்த எண்ணை 16ஆல் பெருக்கி அவ்வளவு இடம் கேட்கும். பாடப்புத்தக முறையும் இதுதான்.

இப்போது எவரோ அடுத்த கருவியின் பெயரில் ஒரு செய்தி அனுப்பி, எண்ணிக்கையில் 26,84,35,457 என்று எழுதுகிறார்.

26,84,35,457 × 16 = 4,29,49,67,312

பெட்டிக்குள் அடங்குவது 4,29,49,67,295 வரைதான். ஒரு சுற்று, அதாவது 4,29,49,67,296 கழிந்தது போக மிச்சம் 16. மாலாக்கிடம் போய்ச் சேரும் கேள்வி "16 பைட் கொடு" என்பது. அதில் தப்பாக ஒன்றும் இல்லை. மாலாக் மகிழ்ச்சியாகக் கொடுக்கும். நிரலோ தன் கையில் 26 கோடிப் பதிவுகளுக்கு இடம் இருப்பதாக நம்பி எழுதத் தொடங்கும். முதல் பதிவு மட்டும்தான் சொந்த இடத்தில் விழும். இரண்டாவதிலிருந்து எல்லாம் அடுத்தவர் இடத்தில்.

26 கோடி பதிவுகளை எழுதினால் கருவி உடனே செத்துப்போகுமே, அதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். தாக்குபவர் அத்தனையும் அனுப்ப வேண்டியதில்லை. தலையில் பெரிய எண்ணைப் போட்டுவிட்டு, பத்துப் பதிவு அனுப்பி இணைப்பைத் துண்டித்தால் போதும். எத்தனை பைட் வழிய வேண்டும், அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்கிறார். இந்த வகை போர்டுகள் பலவற்றில் ஒவ்வொரு பணிக்கும் தனி நினைவகம் பிரித்துக் காக்கும் வன்பொருள் வசதி இருப்பதில்லை, இருந்தாலும் அணைத்தே வைத்திருப்பார்கள். ஹீப்பில் வழிந்தது இயங்குதளத்தின் சொந்தத் தரவையும் தொடும்.

## பெருக்கலைச் சரிசெய்தால் முடிந்ததா

முடியவில்லை. மாலாக்கின் உள்ளேயே ஒரு கூட்டல் இருக்கிறது. கேட்ட அளவோடு ஹெடருக்கான பைட்டுகளைக் கூட்டி, பிறகு 8இன் மடங்காக உயர்த்தி, அந்த நீளத்துக்குத் துண்டு தேடுவது பல ஒதுக்கிகளின் வழக்கம்.

யாராவது 4,29,49,67,292 பைட் கேட்டால், 8 பைட் ஹெடர் கூட்டியதும் 4,29,49,67,300 ஆகிறது. சுற்றி வந்தால் 4. 8இன் மடங்காக உயர்த்தினால் 8. துண்டு கிடைத்துவிடும். ஹெடருக்கே அந்த 8 பைட்டும் போய்விடும். கேட்டவருக்கு ஒரு பைட்கூட மிச்சமில்லை. ஆனால் திரும்பி வருவது நல் இல்லாத ஒரு முகவரி. நிரல் அதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளும்.

பேட்அலாக் பட்டியலில் இரண்டு வகையும் இருந்தன. ரயட்டில் காலாக்கின் பெருக்கல். நட்எக்ஸில் மாலாக், ரீஅலாக், மெம்அலைன் (குறிப்பிட்ட எண்ணின் மடங்கில் தொடங்கும் முகவரியில் இடம் கேட்பது) மூன்றிலும், 10.1.0 பதிப்பில் அதைத் திருத்தினார்கள். நியூலிப் 4.0.0க்கு முந்தைய பதிப்புகளிலும் இதே கதை. வணிக இயங்குதளங்களும் தப்பவில்லை: கார்களிலும் மருத்துவக் கருவிகளிலும் பயன்படும் கியூஎன்எக்ஸின் பழைய பதிப்புகளின் காலாக்கில் இது இருப்பதாக பிளாக்பெரி 2021 ஆகஸ்ட்டில் அறிவித்தது.

## ஒரே தவறு, இருபது ஆண்டு

2002 ஜூனில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளில் ஒரு பெரிய குறை வெளிவந்தது. உள்நுழைபவர் அனுப்பும் பதில்களின் எண்ணிக்கையை, ஒரு பாயின்டரின் (முகவரியை வைக்கும் மாறி, 32 பிட்டில் 4 பைட்) அளவால் பெருக்கி இடம் கேட்டிருந்தார்கள். எண்ணிக்கை 1,07,37,41,824 என்று வந்தால் நான்கால் பெருக்கியதும் சரியாக 0. ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளம் எழுதியவர்களே எழுதிய மென்பொருள் அது; பாதுகாப்பில் அவர்களைவிடக் கவனமானவர்கள் குறைவு. பல ஆண்டுகளாகத் தங்கள் தளத்தில் வெளியிலிருந்து நுழையும் ஓட்டை ஒன்றுகூட இல்லை என்று முகப்பில் எழுதி வைத்திருந்த அவர்கள், அந்த வரியை மாற்ற வேண்டி வந்தது. அதே ஆண்டில் பல லைப்ரரிகளின் காலாக்கே பெருக்கலைச் சரிபார்க்கவில்லை என்பதும் வெளியாகி, லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சி உட்படப் பலவும் திருத்தப்பட்டன.

இதிலிருந்து ஓப்பன்பிஎஸ்டிகாரர்கள் எடுத்த முடிவு எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. "கவனமாக எழுதுங்கள்" என்று ஆயிரம் பேரிடம் சொல்வதை விட்டு, 2014 நவம்பரில் வந்த 5.6 பதிப்பில் ரீஅலாக்அரே என்ற புதிய ஃபங்ஷனைக் கொண்டுவந்தார்கள். எண்ணிக்கை, அளவு என்ற இரண்டையும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளும். பெருக்கலை லைப்ரரியே செய்யும். அடங்காவிட்டால் நல் தரும். பிறகு தங்கள் மூலநிரல் முழுவதிலும் மாலாக்கின் அடைப்புக்குறிக்குள் பெருக்கல் குறி இருந்த இடங்களைத் தேடித் தேடி மாற்றினார்கள். ஜிலிப்சி 2017இல் தன் 2.26 பதிப்பில் இதை ஏற்றது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலையின் 2024 பதிப்பிலும் இடம்பெற்றுவிட்டது. லினக்ஸ் கெர்னலில் 2018இல் இதே வேலை பெரிய அளவில் நடந்தது. நிரலை அலசி மாற்றும் கருவியை வைத்து கெர்னலுக்குள் இடம் கேட்கும் கேமாலாக் அழைப்புகளில் இருந்த பெருக்கல்களைப் பாதுகாப்பான வடிவத்துக்கு மாற்றினார்கள்.

ஆனால் அதே ஜிலிப்சி 2.26இல் நடந்ததையும் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மறுஆய்வு ஏன் ஒருமுறையோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. அந்தப் பதிப்பில் வேகத்துக்காக டீகேஷ் என்ற ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். நிரலுக்குள் தனியாக ஓடும் ஒவ்வொரு திரெடும் அண்மையில் திருப்பிக் கொடுத்த துண்டுகளைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதே அளவு கேட்டால் பூட்டு எதுவும் போடாமல் உடனே எடுத்துக்கொள்ளும் வசதி. மாலாக்கின் பழைய பாதையில் அளவைச் சரிபார்க்கும் வரி இருந்தது. புதிய குறுக்குவழி அந்த வரிக்கு முன்னாலேயே பிரிந்து போனது. அங்கே ஹெடரைக் கூட்டும் கணக்கைச் சரிபார்ப்பு இல்லாத வடிவத்தில் எழுதிவிட்டார்கள். விளைவு: அதிகபட்ச எண்ணுக்கு மிக அருகில் ஓர் அளவைக் கேட்டால், சுற்றி வந்த சிறிய எண்ணை வைத்து டீகேஷிலிருந்து ஒரு சின்னத் துண்டு வந்துவிடும். பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2017-17426 என்ற எண்ணில் இது பதிவாகி, அடுத்த பதிப்பில் திருத்தப்பட்டது. பல்லாண்டுகள் பல கண்கள் படித்த ஃபங்ஷன் அது. பழைய வரிகளில் ஒன்றும் கெடவில்லை. புதிய பாதை பழைய காவலைத் தாண்டிப் போனது.

## ஒரு ஒதுக்கீட்டு ஃபங்ஷனைப் படிக்கும்போது கேட்க வேண்டியவை

மறுஆய்வு என்றால் நிரலை ஓட்டிப் பார்ப்பது மட்டும் போதாது. ஒவ்வொரு வரியிலும் "இந்த எண்ணை யார் கொடுத்தது, அது எவ்வளவு பெரிதாக இருக்கலாம்" என்று கேட்டுப் படிக்க வேண்டும். கேள்விகளை வரிசையாக வைக்கிறேன். முதல் இரண்டில்தான் பேட்அலாக் குறைகளில் பெரும்பகுதி அடங்கும்.

1. பெருக்கலுக்கு முன்னால் சரிபார்க்கிறதா, பின்னாலா? சரியான முறை வகுத்தல். எண்ணிக்கை பூஜ்யம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அதிகபட்ச எண்ணை எண்ணிக்கையால் வகுத்து, விடையைவிடப் பொருளின் அளவு பெரிதா என்று பார்க்க வேண்டும். நம் ஊரணிக் கணக்கில் 4,29,49,67,295ஐ 26,84,35,457ஆல் வகுத்தால் 15 வரும். 16 அதைவிடப் பெரிது, மறுத்துவிட வேண்டியதுதான்.

பெருக்கிவிட்டு, விடை எண்ணிக்கையைவிடச் சிறிதாக இருந்தால் மட்டும் மறுக்கிற நிரல்களும் உண்டு. பார்க்க நியாயமாகத் தெரியும், ஆனால் ஏமாற்றிவிடும். எண்ணிக்கை 3, அளவு 1,43,16,55,800 என்று கொடுங்கள். பெருக்கினால் 4,29,49,67,400, சுற்றி வந்தால் 104. 104 என்பது 3ஐவிடப் பெரிது, ஆகவே சோதனை கடந்துவிடும். 429 கோடி பைட் கேட்டவருக்கு 104 பைட் கிடைக்கும். மறுஆய்வில் சரிபார்ப்பு வரி இருக்கிறது என்று கண்டதும் அடுத்த பக்கம் போய்விடக் கூடாது என்பதற்காகவே இதை விரித்துச் சொல்கிறேன்.

ஒவ்வொரு முறையும் வகுப்பது சிறிய செயலிக்குச் சுமை என்பார்கள். அதற்கும் வழி இருக்கிறது. 32 பிட்டில் இரண்டு எண்களுமே 65,536ஐவிடச் சிறியவை என்றால் பெருக்கல் எப்போதும் அடங்கும், வகுக்கவே வேண்டாம். ஓப்பன்பிஎஸ்டியின் ரீஅலாக்அரே இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. புதிய கம்பைலர்களில் பெருக்கும்போதே வழிந்ததா என்று சொல்லும் உள்ளமைந்த வசதி இருக்கிறது. சி மொழியின் சி23 தரநிலை அதைப் பொதுவாக்கிவிட்டது.

2. ஹெடர், மடங்கு உயர்த்தல் ஆகிய ஒவ்வொரு கூட்டலும் காக்கப்பட்டிருக்கிறதா? மாலாக், ரீஅலாக், மெம்அலைன் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கூட்டுகிறதா, ஒரே இடத்தில் கூட்டுகிறதா என்று பாருங்கள். ஒரே சிறு ஃபங்ஷனில் வைத்து எல்லோரும் அதையே அழைப்பது நல்லது. ஜிலிப்சி 2.30 இன்னும் ஒரு படி போய், எண் பரப்பின் பாதிக்கு மேல் எவர் கேட்டாலும் மறுத்துவிடுகிறது. இரண்டு முகவரிகளின் வித்தியாசத்தைக் குறிக்கும் எண்ணுக்குக் குறி உண்டு. பாதிக்கு மேற்பட்ட துண்டில் அந்தக் கழித்தல் தவறாகப் போகும்.

3. எண்ணின் வகை வழியில் மாறுகிறதா? செய்தியிலிருந்து குறியுள்ள முழு எண்ணாக வாங்கி, அளவு என்று கொடுத்தால், -1 என்பது 4,29,49,67,295 ஆகிவிடும்.

4. ரீஅலாக் தோற்றால் பழைய துண்டு என்ன ஆகிறது? தோற்றால் பழையது அப்படியே இருக்க வேண்டும் என்பது விதி. அழைப்பவர் விடையை அதே பாயின்டரில் வாங்கியிருந்தால் பழைய முகவரி தொலைந்துவிடும். துண்டு யாருக்கும் எட்டாமல் கிடக்கும். லைப்ரரி எழுதுபவர் இதைத் தடுக்க முடியாது. லைப்ரரிக்குள்ளேயே மற்ற ஃபங்ஷன்கள் ரீஅலாக்கை அழைக்கும் இடங்களில் இப்படி இருக்கிறதா என்று பார்க்க முடியும், பார்க்க வேண்டும்.

5. பூஜ்யம் கேட்டால்? மாலாக்கிடம் 0 பைட் கேட்டால் நல் தரலாம், அல்லது எழுதக்கூடாத ஒரு முகவரி தரலாம். இரண்டும் விதிக்கு உட்பட்டவையே. ரீஅலாக்கிடம் 0 கேட்பது இதைவிடச் சிக்கல். சில லைப்ரரிகள் பழைய துண்டை விடுவித்து நல் தரும். நல் என்றால் தோல்வி என்று எடுத்துக்கொண்டு அழைப்பவர் அதே துண்டை மறுபடி விடுவிப்பார். ஒரே துண்டை இருமுறை விடுவிப்பது ஒதுக்கியின் கணக்கைக் குலைக்கும். சி23 தரநிலை, ரீஅலாக்கிடம் 0 கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை என்று அறிவித்துவிட்டது. எனவே லைப்ரரி தான் என்ன செய்கிறது என்று ஆவணத்தில் எழுதியிருக்க வேண்டும்.

6. விடுவிக்கும் துண்டில் கடவுச்சொல் போன்றவை இருந்தால்? ஃப்ரீ எதையும் அழிப்பதில்லை. அழிக்க, ஓர் இடத்தை ஒரே மதிப்பால் நிரப்பும் வழக்கமான மெம்செட்டை அழைத்தால், அதற்குப் பிறகு அந்த இடத்தை யாரும் படிக்கவில்லை என்று கண்டு கம்பைலர் அந்த அழைப்பையே நீக்கிவிடலாம். எக்ஸ்ப்ளிசிட் பிஜீரோ, ஃப்ரீஜீரோ போன்றவை இதற்காகத்தான் வந்தன.

## லைப்ரரி சரியாக இருந்தும் பயன்படாமல் போவது

லைப்ரரிக்குள் செய்ய வேண்டும் என்ற வாதத்துக்கு எதிராக நிற்கும் உண்மை ஒன்று உண்டு. சில மென்பொருள்கள் லைப்ரரியின் ஒதுக்கியைப் பயன்படுத்துவதே இல்லை.

2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீட் குறை, வலைத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் இருந்தது. எதிர்முனை சொன்ன நீளத்தை நம்பி, உண்மையில் வந்ததைவிட அதிகமாக, 64 கிலோபைட் வரை நினைவகத்தைப் படித்துத் திருப்பி அனுப்பிவிட்டது. இது எழுதும் பிழை இல்லை, படிக்கும் பிழை. ஆனால் ஒதுக்கிக்கு இதில் ஒரு பங்கு உண்டு. ஓப்பன்பிஎஸ்டியின் மாலாக்கில் விடுவித்த துண்டைக் குப்பைத் தரவால் நிரப்பி வைக்கவும், எல்லையில் தொட்டாலே நிரல் நிற்கும் காவல் பக்கங்களை வைக்கவும் வழி இருந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் வேகத்துக்காக, விடுவித்த துண்டுகளைத் தன்னிடமே ஒரு பட்டியலில் வைத்துக்கொண்டு மறுபடி பயன்படுத்தியது. காவல் லைப்ரரியில் இருந்தது. துண்டுகள் லைப்ரரிக்குத் திரும்பவே இல்லை. ஓப்பன்பிஎஸ்டிகாரர்கள் ஓப்பன்எஸ்எஸ்எல்லிலிருந்து பிரித்து லிப்ரெஎஸ்எஸ்எல் தொடங்கியபோது முதலில் அகற்றியவற்றில் இந்தச் சொந்த ஏற்பாடும் ஒன்று.

ஆகவே ஒரு மூலநிரலை ஆய்வுக்கு எடுத்தால், முதல் வேலையாக மாலாக் என்ற பெயரைத் தேடுங்கள்; அடுத்து, அதை மூடி எழுதிய சொந்தப் பெயர்களையும் தேடுங்கள். சொந்த ஒதுக்கி எழுதியவர் மேலே சொன்ன ஆறு கேள்விகளுக்கும் தானே பதில் சொல்லியாக வேண்டும்.

## திருத்தம் வெளிவந்தது, கருவிக்கு வந்ததா

லினக்ஸ் ஓடும் கணினியில் ஜிலிப்சி பொதுவாக இருக்கிறது. அதைப் புதுப்பித்தால் அதைச் சார்ந்த நிரல்கள் எல்லாவற்றுக்கும் திருத்தம் சேர்ந்துவிடும். சிறு கருவிகளில் அப்படி இல்லை. இயங்குதளம், லைப்ரரி, நிரல் மூன்றும் ஒரே கட்டாக்கப்பட்டு ஃபர்ம்வேராகச் சில்லில் எழுதப்படுகின்றன. நட்எக்ஸ் 10.1.0 வந்த நாளில் எந்தக் கருவியும் தானாகத் திருந்தவில்லை. கருவி செய்தவர் புதிய பதிப்பை எடுத்து, மறுபடி கட்டி, சோதித்து, ஒவ்வொரு கருவிக்கும் அனுப்ப வேண்டும்.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் போர்வெல் மோட்டாரைக் கைபேசியிலிருந்து போட்டு நிறுத்தும் ஸ்டார்ட்டர்கள், கண்காணிப்புக் கேமராக்கள், பூட்டிய பெரிய வீடுகளுக்குள் வைக்கும் எச்சரிக்கைக் கருவிகள் இவையெல்லாம் பரவிவிட்டன. எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு என்று பெட்டியில் எழுதியிருப்பதில்லை. வாங்குபவர் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது: ஃபர்ம்வேர் புதுப்பிப்பு உண்டா, எத்தனை ஆண்டுக்கு? பதில் இல்லாத கருவியை இணையத்தில் நேரடியாகத் திறந்து வைக்காமல், ரௌட்டருக்குப் பின்னால் தனி வலையில் வைப்பது நல்லது. பேட்அலாக் அறிவிப்போடு அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு தந்த அறிவுரையும் இதுவே: புதுப்பிக்க முடிந்தால் புதுப்பியுங்கள், முடியாவிட்டால் வலையைப் பிரியுங்கள்.

## படித்ததைச் சோதித்துப் பார்ப்பது

புராஜெக்டுக்கு ஒரு போர்டு வைத்திருக்கும் மாணவர், தன் லைப்ரரியின் காலாக்கை ஒரு மாலைக்குள் சோதிக்கலாம். 32 பிட் போர்டில் எண்ணிக்கை 2,14,74,83,649, அளவு 2 என்று கேளுங்கள். பெருக்கினால் 4,29,49,67,298, சுற்றி வந்தால் 2. நல் வந்தால் லைப்ரரி சரிபார்க்கிறது. முகவரி வந்தால் 2 பைட்டைக் கொடுத்து 429 கோடி என்று சொல்லியிருக்கிறது.

இதில் இரண்டு இடங்களில் சோதனை பொய்யான பதில் தரும். முதலாவது, இதே எண்களை 64 பிட் கணினியில் கொடுத்தால் எதுவும் சுற்றி வராது. அங்கே 4 ஜிபி என்பது நியாயமான கேள்வி. லினக்ஸ் கையில் இல்லாத இடத்தையும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று கொடுத்துவிடும் வழக்கம் உள்ளது, ஆகவே நல் வராததை வைத்துக் குறை என்று முடிவு கட்டக் கூடாது. எண்ணை அந்தந்தக் கணினியின் அதிகபட்ச அளவிலிருந்து கணக்கிட்டு எடுக்க வேண்டும்: அதில் பாதியோடு இரண்டைக் கூட்டி, இரண்டால் பெருக்கக் கேட்பது எங்கும் பொருந்தும்.

இரண்டாவது, கம்பைலர். வாங்கிய துண்டை எதற்கும் பயன்படுத்தாமல் விடுவித்தால், ஜிசிசி, கிளாங் என்ற கம்பைலர்கள் காலாக், ஃப்ரீ இரண்டு அழைப்புகளையுமே தேவையற்றவை என்று நீக்கிவிட்டு, இடம் கிடைத்ததாகவே வைத்துக் கணக்குப் போடலாம். அப்போது சோதனை ஓடியது போலத் தெரியும், லைப்ரரியின் ஒரு வரிகூட ஓடியிருக்காது. திரும்பி வரும் முகவரியை வாலட்டைல் (கம்பைலர் நீக்கவோ ஊகிக்கவோ கூடாது என்ற குறி) என்று குறித்த மாறியில் வாங்குங்கள். எண்களையும் அப்படிப்பட்ட மாறிகளிலிருந்தே கொடுங்கள், இல்லையென்றால் கம்பைலரே முன்கூட்டிக் கணக்கிட்டு எச்சரித்துவிடும். கட்டிய பிறகு ஆப்ஜெக்ட் கோப்பைப் பிரித்துப் பார்த்து, காலாக்குக்கான அழைப்பு உள்ளே இருக்கிறதா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். ஜிசிசியோடு சேர்த்து நிறுவப்படும் பின்யூட்டில்ஸ் தொகுப்பில் உள்ள ஆப்ஜ்டம்ப் அதற்குப் போதும்.